பிரிட்டிஷ் வாழ்க்கையைப் படித்து ஆங்கிலம் கற்பது எப்படி: மதுரையிலிருந்து ஒரு வழி

சில ஆண்டுகளுக்கு முன், மதுரையில் நர்சிங் முடித்துவிட்டு இங்கிலாந்து மருத்துவமனை ஒன்றின் இணையவழி நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவி ஒருவர், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பத்தியை என்னிடம் வாசித்துக் காட்டினார். தான் இரண்டு ஆண்டுகள் ஒரு தனியார் மருத்துவமனையில் சிஸ்டராக வேலை பார்த்ததாக அதில் ஒரு வரி இருந்தது. எழுவாய், பயனிலை, காலம் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் வாக்கியம் தவறு. மதுரையில் வெள்ளைச் சீருடை அணிந்த எந்தச் செவிலியரையும் நாம் சிஸ்டர் என்று கூப்பிடுகிறோம். பிரிட்டிஷ் மருத்துவமனையில் சிஸ்டர் என்பது ஒரு பதவி. ஒரு வார்டையே பொறுப்பில் வைத்திருக்கும் மூத்த செவிலியருக்கு உரியது. இரண்டு ஆண்டு அனுபவத்தில் அந்தப் பதவியில் இருந்ததாக ஒருவர் சொன்னால், கேட்பவர் புருவத்தை உயர்த்தத்தான் செய்வார். அவர் சொல்லியிருக்க வேண்டிய சொல் ஸ்டாஃப் நர்ஸ்.

இந்த ஒரு சொல்லைத் திருத்தியபோதுதான், நான் பல ஆண்டுகளாக மாலை வகுப்புகளில் சொல்லிக்கொடுத்துவந்த முறையில் எது குறை என்பது எனக்கே விளங்கியது. நாம் ஆங்கிலச் சொற்களை அகராதியிலிருந்து கற்கிறோம். ஆனால் அந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஒரு நீதிமன்றத்திலோ, ஒரு பள்ளியிலோ, ஒரு சபையிலோ பிறந்து வளர்ந்தவை. பிறந்த இடத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் எடுத்துவந்தால் அது பாதிதான் நம் கைக்கு வரும். மதுரைக்காரருக்கு இதில் ஒரு வசதியும் அதே அளவு ஆபத்தும் உண்டு. கோர்ட், கார்ப்பரேஷன், வார்டு, கவுன்சிலர், பெஞ்ச், அப்பீல் என்று பிரிட்டிஷ் நிறுவனங்கள் விட்டுச்சென்ற சொற்களுக்கு நடுவில்தான் நாம் தினமும் நடமாடுகிறோம். ஆகவே பாதி வழி ஏற்கெனவே தெரியும். ஆனால் அந்தச் சொற்கள் இங்கே வந்து நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் வேறு பொருள் பூண்டுவிட்டன. தெரிந்த சொல்தானே என்று நாம் நின்று பார்ப்பதில்லை.

நோட்டுப் புத்தகத்தை எப்படி வைத்துக்கொள்வது

முதலில் ஒரே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். செவிலியர் என்றால் மருத்துவமனை, சட்டம் படிப்பவர் என்றால் நீதிமன்றம், போட்டித் தேர்வு எழுதுபவர் என்றால் நாடாளுமன்றம் என்று உங்கள் பிழைப்புக்கு அருகில் இருப்பதை எடுத்துக்கொண்டு, அதனோடு இரண்டு மூன்று மாதங்கள் தங்குங்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மேய்வதில் பயனில்லை. ஒரே துறைக்குள் அதே சொல் திரும்பத் திரும்ப, வெவ்வேறு வாக்கியங்களில் வரும்போதுதான் மனத்தில் பதியும்.

ஒரு நூறு பக்க நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் மதுரையில் அதற்கு இணையாக நாம் காண்பது, மூன்றாவதில் இரண்டும் பிரிகிற இடம். என் பழைய நோட்டிலிருந்து ஒரு வரிசையைக் காட்டுகிறேன். முதல் பத்தியில் சர்ஜரி. இரண்டாவதில், நாம் இந்தச் சொல்லை அறுவைச் சிகிச்சை என்ற ஒரே பொருளில் வழங்குகிறோம் என்ற குறிப்பு. மூன்றாவதில், பிரிட்டனில் தெருமுனை மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கும் சர்ஜரி என்றே பெயர் என்றும், நாடாளுமன்ற உறுப்பினர் தம் தொகுதிக்கு வந்து மக்களின் குறைகளைக் கேட்க உட்காரும் நேரத்துக்கும் அதே பெயர்தான் என்றும் எழுதியிருக்கிறேன். பக்கத்திலேயே பென்சிலில், 'திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள் போல' என்று கிறுக்கியிருக்கிறேன். அந்தக் கிறுக்கல்தான் அந்தச் சொல்லை எனக்கு மறக்கவிடாமல் வைத்தது.

கலெக்டர் என்ற சொல்லும் அப்படித்தான். மீனாட்சியம்மனுக்குத் தங்க அங்கவடி காணிக்கை கொடுத்து, பீட்டர் பாண்டியன் என்று ஊராரால் அழைக்கப்பட்ட ரவுஸ் பீட்டர் 1812 முதல் 1828 வரை இங்கே கலெக்டராக இருந்தார். அவர் பிரிட்டனிலிருந்து வந்தவர். ஆனால் அந்தப் பதவி வரவில்லை. நிலவரி வசூலுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலேயே உண்டாக்கிய பதவி அது. இன்று லண்டனில் ஒருவரிடம் உங்கள் மனுவைக் கலெக்டரிடம் கொடுத்ததாகச் சொன்னால், அவர் நினைவுக்கு ரயிலில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பவர்தான் வருவார். கார்ப்பரேஷன் என்பதோ நேர்மாறு. பிரிட்டனில் 1835-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது. அங்கே பேச்சில் அது கவுன்சில் என்று மாறிவிட்டது, 1971-இல் மாநகராட்சியான மதுரையில் நாம் இன்னும் பழைய சொல்லையே வைத்திருக்கிறோம். குப்பை எடுக்கவில்லை என்று பிரிட்டனில் புகார் சொல்ல வேண்டுமானால் கவுன்சிலிடம்தான் சொல்ல வேண்டும்.

பப்ளிக் ஸ்கூல் என்ற சொல்லில் எல்லாரும் ஒருமுறையாவது சறுக்குவார்கள். 1440-இல் ஆறாம் ஹென்றி நிறுவிய ஈட்டன் போன்ற, பெருங்கட்டணம் வாங்கும் பழைய தனியார் பள்ளிகளுக்குத்தான் இங்கிலாந்தில் அந்தப் பெயர். அரசுப் பள்ளியில் படித்தேன் என்று சொல்ல விரும்புபவர் ஸ்டேட் ஸ்கூல் என்று சொல்ல வேண்டும்.

புதன்கிழமை மாலை ஐந்தரை மணி

எனக்குத் தெரிந்த பயிற்சிகளிலேயே அதிகப் பலன் தந்தது இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் 650 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சபை கூடும் வாரங்களில், புதன்கிழமை நண்பகல் 12 மணிக்குப் பிரதமர் கேள்வி நேரம் நடக்கிறது. ஏறக்குறைய அரை மணி நேரம். நமக்கு அது குளிர்காலத்தில் மாலை 5.30, அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைக்கும் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மாலை 4.30. கல்லூரி விட்டு வந்து ஒரு டீயோடு கைப்பேசியில் பார்க்கத் தோதான நேரம். நாடாளுமன்றத்தின் தளத்திலேயே இலவசமாக நேரலை வருகிறது.

முதல் தடவை ஒன்றும் புரியாது. ஒரே கூச்சல், நடுவில் சபாநாயகர் 'ஆர்டர், ஆர்டர்' என்று அதட்டுவார். கலங்க வேண்டாம். மூன்றாவது வாரத்தில் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். முதலாவது, தொடக்கக் கேள்வி எப்போதும் ஒன்றே: பிரதமர் அன்றைய தம் அலுவல்களைப் பட்டியலிடுவாரா என்பது. பதிலும் ஏறத்தாழ ஒரே அச்சில் இருக்கும்: காலையில் அமைச்சர்களைச் சந்தித்தேன், இந்தச் சபையில் என் கடமைகளைத் தவிர, பிற்பகலிலும் அத்தகைய சந்திப்புகள் உண்டு. அந்தச் சடங்குக் கேள்வி ஒரு வாசற்படி மட்டுமே. அதைத் தாண்டிய துணைக்கேள்வியில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இறந்தகாலமும் எதிர்காலமும் ஒரே பதிலில் அடுத்தடுத்து வருவதால், இந்த இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு, உங்கள் சொந்த நாளை வைத்து நிரப்பிச் சொல்லிப் பழகுங்கள்.

இரண்டாவது விஷயம் இலக்கணத்தைச் சார்ந்தது. அந்தச் சபையில் 'யூ' என்று சொன்னால் அது சபாநாயகரையே குறிக்கும், ஏனெனில் எல்லாப் பேச்சும் அவரை நோக்கியே. ஆகவே எதிரில் நிற்கும் பிரதமரிடம் கேட்டாலும் படர்க்கையில்தான் கேட்க வேண்டும்: 'டஸ் தி பிரைம் மினிஸ்டர் அக்ரீ', 'வில் ஹீ'. தன் கட்சிக்காரர் 'மை ஹானரபிள் ஃபிரெண்ட்'. எதிர்க்கட்சிக்காரர் 'தி ஹானரபிள் ஜென்டில்மேன்' அல்லது 'லேடி'. தமிழ் மாணவர்கள் 'டூ', 'டஸ்' இரண்டையும் குழப்பிக்கொள்வது எல்லாருக்கும் தெரிந்த நோய். இலக்கணப் புத்தகத்தில் நூறு கோடிட்ட இடங்களை நிரப்பியும் தீராத அந்த நோய், ஒரு முழுச் சபையே அரை மணி நேரம் படர்க்கையில் கேள்வி கேட்பதைப் பத்து வாரம் கேட்டால் தானாகத் தணிவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி முக்கியமான படி. பேச்சில் ஒரு நிமிடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். பிறகு ஹன்சார்டை எடுங்கள். சபை நடவடிக்கைகளின் அதிகாரபூர்வப் பதிவான அது சில மணி நேரத்தில் இணையத்தில் வந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை வெளியிட்ட அச்சகத்தார் தாமஸ் ஹன்சார்டின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. உங்கள் எழுத்தையும் ஹன்சார்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டால், உங்கள் காதின் பிழைகள் தெரிவதோடு இன்னொன்றும் தெரியும்: ஹன்சார்ட் பேசியதை அப்படியே அச்சடிப்பதில்லை. கூறியது கூறலை நீக்கி, வெளிப்படையான பிழைகளைத் திருத்தி, பேச்சை எழுத்தாக்கிவிடுகிறது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் பேசுவது போலவே எழுதுகிறார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம்; அது சரியல்ல. வீட்டில் 'வந்துக்கிட்டு இருக்கேன்' என்று பேசி, விண்ணப்பத்தில் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதிப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. ஆங்கிலத்தில் அது எங்கே விழுகிறது என்பதுதான் புதிது, அதை இந்த ஒப்பீட்டைப் போல் வேறெதுவும் காட்டாது. இளம் வயதில் சார்லஸ் டிக்கன்ஸ் அந்தச் சபையின் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் குறிப்பெடுக்கும் செய்தியாளராக இருந்தவர். நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்த தலைமுறையினர் கற்ற பிட்மன் சுருக்கெழுத்து அதற்குச் சற்றுப் பின்னே, 1837-இல் வந்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ அத்தையோ இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். கேட்டெழுதுவதில் அவர்களுக்கு இருக்கும் பொறுமை நமக்கு இல்லை.

மருத்துவமனை

செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் நான் முதலில் கொடுக்கும் வேலை, பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை எப்படி இயங்குகிறது என்று பத்து வரியில் தமிழில் எழுதச் சொல்வது. அமைச்சர் அனூரின் பெவன் கொண்டுவந்த அந்தச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. சிகிச்சை பெறும் இடத்தில் பணம் கேட்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. மதுரையில் முழங்கால் வலித்தால் நேரே எலும்பு டாக்டரிடம் டோக்கன் போட்டுவிடுகிறோம். பிரிட்டனில் அவசரம் இல்லாத நோயாளி முதலில் ஜி.பி. எனப்படும் பொது மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறப்பு மருத்துவர் தேவையா என்பதை அவர் தீர்மானித்து அனுப்பிவைப்பார். இந்த ஏற்பாடு தெரிந்தவுடன், பிரிட்டிஷ் நோயாளிகள் ஏன் அத்தனை செயப்பாட்டு வினையில் பேசுகிறார்கள் என்பது விளங்கிவிடும்: 'ஐ ஹாவ் பீன் ரெஃபர்டு', 'ஐ வாஸ் புட் ஆன் தி வெயிட்டிங் லிஸ்ட்'. அங்கே நோயாளி தானாகப் போவதில்லை, அனுப்பப்படுகிறார். கன்சல்டன்ட் என்பவர் அங்கே மருத்துவமனையின் மூத்த சிறப்பு மருத்துவர். அறுவை மருத்துவரை டாக்டர் என்று அழைக்காமல் மிஸ்டர் என்றோ மிஸ் என்றோ அழைப்பதும் உண்டு. பழைய காலத்தில் அறுவை மருத்துவர்கள் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல், நாவிதர்களோடு ஒரே சங்கத்தில் இருந்து, தொழிலைக் கையால் கற்றுவந்த வரலாற்றின் எச்சம் அது. வெளிநாடு செல்லும் செவிலியர் எழுதும் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பகுதியில் பெரும்பாலும் ஒரு நோயாளியை வேறொருவரிடம் அனுப்பும் கடிதம்தான் கேட்கப்படுகிறது. யார் யாரிடம் எதற்காக அனுப்புகிறார் என்ற இந்த ஏற்பாடு தெரியாமல் வெறும் மாதிரிக் கடிதங்களை மனப்பாடம் செய்பவர்கள் அங்கேதான் மதிப்பெண் இழக்கிறார்கள்.

காதுக்கு ஒரு பயிற்சி, கைக்கு ஒரு பயிற்சி

பிபிசி ரேடியோ 4 ஒலிபரப்பும் கடல் வானிலை அறிக்கை, வானொலியில் கேட்கக் கிடைக்கும் மிக விசித்திரமான ஆங்கிலம். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, வைக்கிங், டாகர், ஃபிஷர் என்று பெயர் சொல்லி, காற்று, மழை, பார்வைத் தெளிவு என்ற மாறாத வரிசையில் வாசிக்கிறார்கள். வினைச்சொல் அநேகமாக இருக்காது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு: சூறைக்காற்று 'இம்மினன்ட்' என்றால் ஆறு மணி நேரத்துக்குள், 'சூன்' என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள், 'லேட்டர்' என்றால் பன்னிரண்டிலிருந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்குள். 'சூன்' என்ற சொல்லுக்கு ஆறு மணி நேரமா என்று மாணவர்கள் சிரிப்பார்கள். நம் வானொலியில் 'ஓரிரு இடங்களில்' என்றால் நிலையங்களில் கால் பங்கு வரை, 'பல இடங்களில்' என்றால் பாதிக்கு மேல் என்று கணக்கு இருப்பதை எடுத்துச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். வாரம் இரண்டு முறை கேட்டு, உங்கள் நோட்டில் பகுதியின் பெயர், காற்று, தெளிவு மூன்றையும் பிடிக்க முயலுங்கள். 2002-இல் ஃபினிஸ்டர் என்ற பகுதிக்கு, வானிலைத் துறையை 1854-இல் நிறுவிய ஃபிட்ஸ்ராயின் பெயரை வைத்தார்கள். பழைய ஒலிப்பதிவு கேட்பவர்கள் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எழுதுவதற்கு, பிரிட்டிஷ் அரசின் கவ்.யூகே தளத்தைத் தவிர வேறு பாடநூல் வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஓட்டுநர் உரிமம், குப்பைத் தொட்டி, ஓய்வூதியம் என்று எதைப் பற்றியும் குட்டி வாக்கியங்களில், படிப்பவரை 'யூ' என்று அழைத்து எழுதியிருப்பார்கள். ஒரு பக்கத்தை எடுத்து அதில் வரும் 'மஸ்ட்', 'ஷுட்', 'கேன்', 'மே' ஆகியவற்றுக்குக் கீழே கோடிடுங்கள். சட்டப்படி கட்டாயம், செய்வது நல்லது, செய்ய வசதி உண்டு, செய்ய அனுமதி உண்டு என்று தமிழில் நாம் 'வேண்டும்', 'லாம்' என்ற இரண்டுக்குள் அடைத்துவிடும் நான்கு நிலைகள் அங்கே தனித்தனியாக நிற்கும். பிறகு உங்கள் வார்டு அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் வாங்கும் முறையை அதே நடையில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

நீதிமன்ற ஆங்கிலத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்ல முடியும். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை வந்ததிலிருந்து 'பெஞ்ச்' மதுரையின் அன்றாடச் சொல்லாகிவிட்டது. இங்கிலாந்தில் வழக்கறிஞர் தொழில், பெரும்பாலும் நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர், கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி வழக்கைத் தயார்செய்யும் சொலிசிட்டர் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இந்தியாவில் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அட்வகேட் என்ற ஒரே வகைதான். காந்தியடிகள் லண்டனில் பாரிஸ்டர்களுக்கான சங்கங்களில் ஒன்றான இன்னர் டெம்பிளில் சேர்ந்து 1891-இல் பாரிஸ்டரானார். பாரிஸ்டராவதைக் குறிக்கும் 'கால்டு டு தி பார்' என்ற தொடரை இதிலிருந்து தொடங்கிப் படித்தால் மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வரும்.

இரண்டு எச்சரிக்கைகள்

கல்லூரி இரண்டாம் ஆண்டில், திருமலை நாயக்கர் மஹாலில் வழிகேட்ட வெள்ளைக்காரத் தம்பதியர் ஒருவரிடம், 'நீங்கள் ஆங்கிலேயர்கள் இந்தத் தூண்களைப் பார்த்து என்ன நினைப்பீர்கள்' என்று பெருமையாகக் கேட்டேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, ஆங்கிலேயர்கள் என்ன நினைப்பார்கள் என்று தனக்குத் தெரியாது, தாங்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்றார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்தால் கிரேட் பிரிட்டன். வட அயர்லாந்தும் சேர்ந்தால் ஐக்கிய இராச்சியம். இது பெயரோடு நிற்பதில்லை. மருந்துச்சீட்டுக்கு இங்கிலாந்தில் பலருக்குக் கட்டணம் உண்டு, மற்ற மூன்றிலும் இல்லை. குற்ற வழக்கில் இங்கிலாந்தில் ஜூரிகள் 12 பேர், ஸ்காட்லாந்தில் 15 பேர். வேல்ஸில் சாலைப் பலகையே இரண்டு மொழிகளில் இருக்கும்.

மற்றொன்று, நாம் அலுவலகங்களில் எழுதும் ஆங்கிலத்தைப் பற்றியது. 'டூ தி நீட்ஃபுல்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' ஆகியவற்றைப் பிழை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவை கம்பெனிக் காலத்தின் அலுவலக ஆங்கிலம், அங்கே வழக்கொழிந்து இங்கே தங்கிவிட்டது, அவ்வளவுதான். நம் ஊர் தாலுகா அலுவலகத்துக்கு எழுதும்போது தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் 'நான் 2015-இல் பாஸ்டு அவுட்' என்று பிரிட்டனில் சொன்னால், அந்த ஆண்டு மயங்கி விழுந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

திருப்பி எழுதிப் பார்ப்பது

இரண்டு மாதம் ஒரு நிறுவனத்தைப் படித்த பிறகு, திசையை மாற்றுங்கள். நம்முடைய ஏதேனும் ஒன்றை, அதை அறியாத பிரிட்டிஷ் வாசகர் ஒருவருக்கு நூறு ஆங்கிலச் சொற்களில் விளக்குங்கள்: கலெக்டர் அலுவலக மனு நாள், கிராம சபை, உழவர் சந்தை, எது வேண்டுமானாலும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் ரேஷன் கடையை எடுத்துக்கொண்டார். அம்மா ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு காலையிலேயே வரிசையில் நிற்பதை அழகாக எழுதியிருந்தார். ஆனால் பிரிட்டனில் ரேஷன் என்பது 1940 ஜனவரியில், இரண்டாம் உலகப் போரின்போது தொடங்கி, 1954 ஜூலையில் முடிந்துபோன ஒன்று. அந்தச் சொல்லைக் கேட்டதும் அங்குள்ளவர் மனத்தில் பஞ்சமும் குண்டுவீச்சும்தான் எழும். உங்கள் வாசகர் உங்கள் ஊரில் போர் நடப்பதாக நினைத்துவிடுவார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரேஷன் என்ற சொல்லை அழிக்காமல், அதற்கு முன்னால் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்: இங்கே பற்றாக்குறை எதுவும் இல்லை, அரசு மாதந்தோறும் குடும்பங்களுக்கு விலையில்லா அரிசி வழங்கும் கடைக்கு நாங்கள் இன்னும் இந்தப் பழைய பெயரையே வைத்திருக்கிறோம். பிறகு வரிசையில் நிற்கும் அம்மாவை முன்பு எழுதியிருந்தபடியே விட்டுவிட்டார்.